மகுடத்தை இறக்கி வைத்த மனிதர்

1922-ஆம் ஆண்டு. சிவகாசியிலிருந்து இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார்கள். ஒருவர் அய்ய நாடார். மற்றவர் சண்முக நாடார். வானம் பார்த்த பூமியிலே, வானமும் கைவிட்ட காலத்திலே, பிழைக்க ஒரு தொழில் வேண்டும். தீப்பெட்டி செய்யும் வித்தையைக் கற்று வர வேண்டும். அதுதான் அவர்கள் எண்ணம். மாதக் கணக்கில் அங்கே தங்கினார்கள், கற்றார்கள், திரும்பினார்கள், தொழிலைத் தொடங்கினார்கள். அன்று அவர்கள் கொண்டுவந்த பொறிதான் இன்று சிவகாசி, சாத்தூர், விருதுநகர், வெம்பக்கோட்டை என்று கரிசல் சீமை முழுதும் தீப்பெட்டியாய், மத்தாப்பாய், சரவெடியாய்ப் பரவி நிற்கிறது.

இந்த வித்தையை எங்கே கற்றீர்கள் என்று சிவகாசிப் பெரியவர் எவரையும் கேட்டுப் பாருங்கள். மறைக்க மாட்டார், மழுப்ப மாட்டார். "கல்கத்தாவிலே கற்றது" என்று பளிச்சென்று சொல்லுவார். சொன்னதாலே சிவகாசியின் பெருமை ஒரு குன்றிமணி அளவு குறைந்ததா? இல்லை, வளர்ந்திருக்கிறது! பொறி எங்கே பிறந்தது என்று தேடுவது அறிவு. கண்டதை ஒளிக்காமல் சொல்லுவது நேர்மை. இரண்டும் ஒருவரிடத்திலே சேர்ந்திருப்பது அரிது. அப்படிச் சேர்ந்திருந்த ஒரு விஞ்ஞானியின் கதையைத்தான் இன்று சொல்ல வந்தேன். அவர் கதையும் நம்மைக் கல்கத்தாவுக்கே கொண்டு போகப் போகிறது.

அதற்கு முன், நம் ஊர்த் தெருவில் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

தீப்பெட்டி ஆலையிலே கட்டை அடுக்குகிறாள் ஒரு பெண். கல்யாணமாகி ஆறு ஆண்டுகள். மடியிலே பிள்ளை இல்லை. வளைகாப்புக்கு அவளை அழைப்பதில்லை. அழைத்தாலும் முன்னே நிறுத்துவதில்லை. மாமியார் வாயிலே ஒரு சொல், நாத்தனார் வாயிலே ஒரு சொல். இரண்டும் ஒரே சொல்தான். மலடி! அரச மரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் என்று பழமொழி சொல்லிச் சிரிக்கிற ஊர், அவளையும் மரத்தைச் சுற்றத்தான் அனுப்புகிறது. பேருந்து நிலையத்துச் சுவரிலே "குழந்தை இல்லையா? கவலை வேண்டாம்!" என்று விளம்பரம் அழைக்கிறது. அந்தக் கதவைத் தட்டினால் லட்சத்திலே பேசுகிறார்கள். அவளுக்கோ அன்றாடக் கூலி, அதுவும் அடுக்கிய கட்டைக்கு இவ்வளவு என்ற கணக்கு.

அவளைக் குற்றவாளிக் கூண்டிலே ஏற்றியவர்கள் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டதில்லை. உயிர் உருவாவதற்கான முதற்பொறி எங்கே பிறக்கிறது? வயிற்றிலா? கருப்பையிலா?

விஞ்ஞானம் அந்தக் கேள்வியைக் கேட்டது. கேட்டுக் கேட்டுத் தேடிப் போனது. போய்ச் சேர்ந்த இடம் வயிறு அல்ல, தலை!

ஆம், தோழர்களே! மூளையின் அடிப்புறத்திலே, இரு கண்களுக்கும் பின்னாலே, ஹைப்போதலாமஸ் என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. அதற்குக் கீழே, ஒரு காம்பிலே தொங்கும் பட்டாணி போலப் பிட்யூட்டரி என்னும் சுரப்பி. உடம்பிலுள்ள பல சுரப்பிகளை ஆட்டிவைப்பது இந்தப் பட்டாணிதான் என்று ஒரு காலத்தில் எண்ணினார்கள்; தலைமைச் சுரப்பி என்று பட்டமும் கட்டினார்கள். இங்கிலாந்திலே ஜெஃப்ரி ஹாரிஸ் என்ற அறிஞர் அதை நம்பி உட்கார்ந்துவிடவில்லை. தலைமைக்கும் மேலே ஒரு தலைமை உண்டா என்று கேட்டார். 1952-இல் டோரா ஜேக்கப்சன் என்ற பெண் விஞ்ஞானியோடு சேர்ந்து எலிகளிலே ஒரு சோதனை செய்தார். பிட்யூட்டரியை எடுத்துவிட்டு, வேறு பிட்யூட்டரியை மூளையின் வேறோர் இடத்தில் பதித்தபோது அது வேலை செய்யவில்லை. ஹைப்போதலாமஸுக்கு அடியிலேயே பதித்தபோது உயிர்பெற்று வேலை செய்தது. எலிகளின் இனப்பெருக்கச் சுழற்சி திரும்பியது. மூளையிலிருந்து சின்னஞ்சிறு இரத்தக் குழாய்கள் வழியே ஏதோ ஒரு கட்டளை இறங்குகிறது என்பது புலனாயிற்று.

அந்தக் கட்டளை என்ன? அமெரிக்காவிலே ரோஜர் கில்லெமின், ஆண்ட்ரூ ஷாலி என்று இரு விஞ்ஞானிகள் அதைத் தேடினார்கள். முதலில் ஒரே ஆய்வுக்கூடத்திலே உழைத்தவர்கள். பிறகு பிரிந்து, ஒருவரை ஒருவர் முந்த ஆண்டுக் கணக்கிலே ஓடியவர்கள். ஒருவர் ஆட்டு மூளைகளை அள்ளினார். மற்றவர் பன்றி மூளைகளை அள்ளினார். லட்சக் கணக்கான மூளைகளைக் கரைத்து வடித்தால் கையிலே கிடைப்பது ஊசி முனையளவு. 1971-இல் ஷாலியின் கூடத்திலே, ஜப்பானியரான மாட்சுவோவின் உழைப்பால், அந்தப் பொருளின் அமைப்பு வெளிப்பட்டது. பத்தே பத்து அமினோ அமிலங்கள், பத்து மணி கோத்த ஒரு சரம்! கில்லெமின், ஷாலி இருவருக்கும் 1977-இல் நோபல் பரிசு கிடைத்தது. வேறொரு பெரும் கண்டுபிடிப்புக்காக ரோசலின் யாலோ என்ற பெண்மணியும் அதே பரிசிலே பங்கு பெற்றார்.

சரவெடியின் கதை நம் ஊருக்குத் தெரியும். திரியிலே பொறி வைத்தால் அது முதல் வெடிக்கு ஓடும். முதல் வெடி அடுத்ததைப் பற்றவைக்கும். உடம்புக்குள்ளும் அப்படித்தான். ஹைப்போதலாமஸ் அந்தப் பத்து மணிச் சரத்தைப் பிட்யூட்டரிக்கு அனுப்புகிறது. பிட்யூட்டரி கிளர்ந்தெழுந்து இரண்டு ஹார்மோன்களை இரத்தத்திலே விடுகிறது. அவை பெண்ணிடத்தில் கருவகத்துக்கும், ஆணிடத்தில் விந்தகத்துக்கும் போய்ச் சேருகின்றன. முட்டை முதிர்கிறது, விந்து விளைகிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் திரி ஒன்றுதான். அதிலே பேதம் இல்லை!

இன்னும் ஒரு விந்தை. எர்னஸ்ட் நோபில் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழு 1978-இல் குரங்குகளிலே ஒன்றைக் கண்டது. மூளையின் அந்தப் பொருளை மணிக்கு ஒரு முறை, சில நிமிடங்கள் மட்டும் கொடுத்தால் பிட்யூட்டரி ஒழுங்காக வேலை செய்கிறது. அதையே நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டிருந்தால், நமுத்துப் போன வெடி போலப் படுத்துவிடுகிறது. பொருள் இருந்தால் மட்டும் போதாது, தாளமும் வேண்டும்! அந்தத் தாளத்தைப் போடுபவை எத்தனை நரம்பணுக்கள் தெரியுமா? மனித மூளையிலே ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள். அவற்றில் இந்தப் பொருளைச் சுரப்பவை ஆயிரம், இரண்டாயிரம். அவ்வளவே! ஊரிலே ஒரு தெரு அளவு கூட இல்லாத இந்தக் கூட்டம்தான் மனித குலத்தின் தொடர்ச்சியைக் கையிலே வைத்திருக்கிறது.

இந்தத் தேடலிலே நம் நாட்டு விஞ்ஞானி ஒருவருக்கும் இடம் உண்டு. அவர்தான் டி. சி. ஆனந்தகுமார். பெயருக்கு முன்னே நிற்கும் முதல் எழுத்திலே திருச்சிராப்பள்ளியைச் சுமந்தவர்.

1960-களிலே இங்கிலாந்தின் பர்மிங்காமிலே பிரான்சிஸ் நோல்ஸ் என்ற பேராசிரியருடன் அவர் ஆராய்ச்சி செய்தார். மூளையின் நடுவிலே நீர் நிறைந்த அறைகள் உண்டு. அவற்றிலே மூன்றாம் அறையின் அடித்தளம்தான் ஹைப்போதலாமஸை ஒட்டி இருப்பது. அந்த அறையின் சுவரிலே நீண்ட வால் கொண்ட ஒரு வகை அணுக்கள் உள்ளன. தலை மூளை நீரிலே நனைந்திருக்க, வால் கீழே பிட்யூட்டரிப் பக்கம் நீள்கிறது. மூளை நீருக்கும் பிட்யூட்டரிக்கும் இடையே இப்படி ஒரு தொடர்பு இருப்பதை ரீசஸ் குரங்கிலே காட்டி, 1967-இல் உலகப் புகழ் பெற்ற 'நேச்சர்' ஏட்டிலே இருவரும் எழுதினார்கள். இனப்பெருக்க நிலைக்குத் தக்கபடி அந்தப் பகுதியின் அமைப்பிலே மாற்றங்கள் நேர்வதை 1969-இல் விரிவாக எழுதினார்கள். ரீசஸ் குரங்கு எதற்கு என்று கேட்பீர்கள். பெண்ணைப் போலவே அதற்கும் ஏறத்தாழ 28 நாள் மாதச் சுழற்சி, அதனால்தான்.

பிறகு டெல்லி, அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம். அங்கே அவர் எழுப்பிய கேள்வி எளியது. ஆனால் எவரும் எளிதிலே எழுப்பாதது. கட்டளை பிறப்பது மூளையிலே என்றால், கருத்தடை மருந்தை உடம்பு முழுவதும் ஏன் கரைத்துவிட வேண்டும்? நேரே மூளைக்கு அனுப்ப ஒரு வழி இல்லையா?

வழி இருந்தது. மூக்கு! மூக்கின் மேற்கூரைக்கும் மூளைக்கும் இடையே உள்ள தொலைவு சொற்பம். ஆனந்தகுமாரும் உடன் உழைத்தவர்களும் புரொஜெஸ்டிரோன், நார்எதிஸ்டிரோன் என்ற ஹார்மோன்களைப் பெண் குரங்குகளின் மூக்கிலே தெளித்துப் பார்த்தார்கள். முட்டை வெளிப்படுவது தடைப்பட்டது. 1977-இல் 'நேச்சர்' ஏடு இதை வெளியிட்டது. தெளித்த மருந்து இரத்தத்திலும் மூளை நீரிலும் எந்த அளவிலே சேர்கிறது என்று கணக்கிட்ட ஆராய்ச்சி 1982-இல் அமெரிக்க விஞ்ஞானக் கழகத்தின் ஏட்டிலே வந்தது.

அந்த ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள்! நெருக்கடி நிலைக் காலம். 1976-77 என்ற அந்த ஓராண்டிலே மட்டும் நாட்டிலே 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கருத்தடை அறுவை நடந்தது. அவர்களிலே எத்தனை பேர் விரும்பி வந்தவர்கள், எத்தனை பேர் விரட்டிப் பிடிக்கப்பட்டவர்கள் என்பதை வடநாட்டுக் கிராமங்கள் இன்னும் மறக்கவில்லை. டெல்லியிலே அதிகாரம் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தது. அதே டெல்லியிலே, கத்தியின்றிக் காயமின்றி, பெண் தானே எடுத்துக்கொள்ளவும் தானே நிறுத்திக்கொள்ளவும் கூடிய ஒரு வழியைத் தேடிக்கொண்டிருந்தது ஆராய்ச்சி! ஆள்வோர் குடிமக்களை எண்ணிக்கையாகப் பார்த்தார்கள். ஆராய்ச்சிக்கூடம் அவர்களை உடம்பும் மூளையும் உள்ள மனிதர்களாகப் பார்த்தது.

அந்த மூக்குத் தெளிப்பு, கருத்தடை மருந்தாகக் கடைத்தெருவுக்கு வந்து சேரவில்லை. அதனாலே அந்த உழைப்பு வீண் என்று சொல்லலாமா? மூளையின் அந்தப் பத்து மணிச் சரத்தைப் போலச் செய்யப்பட்ட மருந்துகள், இன்று பல நாடுகளிலே மூக்குத் தெளிப்பாகவே கருப்பை நோய்க்கும் பிள்ளைப்பேற்றுச் சிகிச்சைக்கும் பயன்படுகின்றன. 1989-இல் இன்னொரு செய்தியும் தெரிந்தது. அந்தச் சரத்தைச் சுரக்கும் நரம்பணுக்கள், கரு வளரும் பருவத்திலே பிறப்பதே மூக்குப் பகுதியில்தான். அங்கிருந்து ஊர்ந்து மூளைக்குள் குடியேறுகின்றன. வழியிலே தடைப்பட்டு நின்றால், அந்தப் பிள்ளை வளர்ந்தும் பருவம் எய்தாது. பலருக்கு மணம் நுகரும் ஆற்றலும் இராது. மூக்குக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் என்ன உறவு என்று கேட்டுச் சிரித்தவர்களுக்கு இயற்கையே விடை வைத்திருந்தது!

இனித்தான் கதையின் உச்சி.

1980-களிலே ஆனந்தகுமார் பம்பாயிலே இனப்பெருக்க ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார். மகப்பேறு மருத்துவர் இந்திரா ஹிந்துஜாவும் கே. இ. எம். மருத்துவமனையும் அந்த நிறுவனத்தோடு கைகோத்தார்கள். மூளையிலிருந்து புறப்பட்ட கட்டளை எங்கே தடைப்பட்டாலும் சரி, குழாயிலே அடைப்பு இருந்தாலும் சரி, முட்டையையும் விந்தையும் உடம்புக்கு வெளியே சேர்த்துக் கருவாக்கித் தாயின் வயிற்றிலே வைக்கும் முயற்சி அது. 1986 ஆகஸ்ட் 6. பெண் குழந்தை பிறந்தது. இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை என்று நாடு கொண்டாடியது. ஏடுகள் எழுதின, பட்டம் சூட்டின. முதல்வர் என்ற மகுடம் ஆனந்தகுமாரின் குழுவுக்குக் கிடைத்தது. பதினோரு ஆண்டுகள் அந்த மகுடத்தை எவரும் கேள்வி கேட்டு அசைத்துவிடவில்லை.

அசைத்தவர் ஆனந்தகுமாரே!

1997-இல் அவர் கல்கத்தாவுக்குப் போனார். சுபாஷ் முகர்ஜி என்ற மருத்துவரின் நினைவாக ஒரு சொற்பொழிவு ஆற்றுவதற்காக. யார் அந்தச் சுபாஷ் முகர்ஜி? அவரும் ஹார்மோன் ஆராய்ச்சியாளர். கல்கத்தாவிலே ஒரு டாக்டர் பட்டம், 1967-இல் எடின்பரோவிலே இன்னொரு டாக்டர் பட்டம். 1978 ஜூலை 25-இல் இங்கிலாந்திலே உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது. அதே ஆண்டு அக்டோபர் 3-இல், மூன்று மாதம் கூட முடியாத நிலையிலே, கல்கத்தாவிலே ஒரு பெண் குழந்தை பிறந்தது; அது தங்கள் முயற்சியின் பயன் என்று முகர்ஜி அறிவித்தார். சுனித் முகர்ஜி, சரோஜ் காந்தி பட்டாச்சார்யா என்ற இருவர் அவருக்குத் துணை.

வாழ்த்தினார்களா? இல்லை. விசாரித்தார்கள்! மாநில அரசு ஒரு குழுவை அமைத்தது. தலைமை வகித்தவர் ரேடியோ இயற்பியல் படித்தவர். கருவைப் பற்றிய வழக்கிலே தீர்ப்புச் சொல்ல வானொலி அலையை ஆராய்ந்தவர்! குழு அவரை நம்பவில்லை. அவர் சொல் பொய் என்று முடிவு கட்டினார்கள். ஜப்பானிலிருந்து அழைப்பு வந்தது. போக அனுமதி இல்லை. 1981-இல் அவரைக் கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றினார்கள். ஹார்மோனையே மூச்சாகக் கொண்டவனுக்குக் கண் மருத்துவமனையிலே நாற்காலி! அதே ஆண்டு, ஐம்பது வயதிலே, சுபாஷ் முகர்ஜி தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். 1922-இலே நம் இளைஞர்களுக்குத் தீமூட்டக் கற்றுக்கொடுத்த நகரம், தன் வீட்டு விளக்கைத் தானே ஊதி அணைத்தது.

பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு, அந்த மனிதரின் கையெழுத்துக் குறிப்புகள் ஆனந்தகுமாரின் கைக்கு வந்தன. அவர் படித்தார். கருவகத்தை ஹார்மோன் ஊசியாலே தூண்டி ஒன்றுக்கு மேற்பட்ட முட்டைகளை முதிரச் செய்த முறை அதிலே இருந்தது. கருவைக் குளிரிலே உறையவைத்து, வேறொரு மாதச் சுழற்சியிலே தாயின் வயிற்றிலே வைத்த முறையும் இருந்தது. இங்கிலாந்துக் குழந்தைக்குக் கையாண்ட வழி வேறு. அங்கே இயற்கையாக முதிர்ந்த ஒரு முட்டையை எடுத்தார்கள். உறையவைத்த கருவிலிருந்து கர்ப்பம் என்ற செய்தி ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது 1983-இல்தான். முகர்ஜி சொன்னதையோ 1978-இலேயே பொய் என்று தூக்கி எறிந்தார்கள். இன்று உலகெங்கும் அன்றாடம் நடப்பது அவர் குறித்து வைத்த வழிதான்!

இப்போது ஒரு கணம் ஆனந்தகுமாரின் நிலையிலே நின்று பாருங்கள். எதிரே ஒரு கத்தைக் காகிதம். எழுதியவர் மாண்டு போனார். அரசுக் குழு அவரைப் பொய்யர் என்று எழுதிவிட்டது. ஊர் மறந்துவிட்டது. அந்தக் காகிதங்களை மூடி வைத்துவிட்டுப் பம்பாய்க்கோ பெங்களூருக்கோ திரும்பியிருந்தால் எவர் கேட்கப் போகிறார்கள்? முதல்வர் என்ற பெயர் பாடப் புத்தகத்திலே நிலைத்திருக்கும். வாய் மூடினால் மகுடம். வாய் திறந்தால் இரண்டாம் இடம்.

வாய் திறந்தார்! 1997-லேயே 'கரண்ட் சயன்ஸ்' என்ற விஞ்ஞான ஏட்டிலே எழுதினார். இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தையை உருவாக்கிய சிற்பி சுபாஷ் முகர்ஜியே என்று, தலைப்பிலேயே சொல்லி எழுதினார். தன் தலையிலிருந்த மகுடத்தைத் தானே எடுத்து, மாண்டவரின் தலையிலே வைத்தார். பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் முகர்ஜியின் பணியை ஏற்றுக் குறித்தது. 1978-இலே பிறந்த அந்தப் பெண், 2003-இலே, தன் இருபத்தைந்தாம் வயதிலே, முகர்ஜியின் நினைவு விழாவிலே தன்னை வெளிப்படுத்திக்கொண்டாள். பொய் என்று எழுதிய குழுவின் எதிரே, நடந்து வந்து நின்றது உண்மை!

முதலிடத்துக்காக ஆண்டுக் கணக்கிலே ஓடிய கில்லெமினையும் ஷாலியையும் பார்த்தோம். அவர்களிடம் குற்றமில்லை, அந்தப் போட்டியாலும் உலகுக்கு நன்மை விளைந்தது. ஆனால் வென்று பெற்ற முதலிடத்தைத் திருப்பிக் கொடுத்தவர்கள் விஞ்ஞான வரலாற்றிலே எத்தனை பேர்? விரலை மடக்கத் தொடங்கினால் பாதியிலேயே நின்றுவிடும். ஆனந்தகுமார் 2010-இலே மறைந்தார். அதே ஆண்டிலேதான் இங்கிலாந்துக் குழந்தையின் விஞ்ஞானி ராபர்ட் எட்வர்ட்சுக்கு நோபல் பரிசு வந்தது. முகர்ஜிக்குக் கிடைத்ததோ இடமாற்ற உத்தரவு. அந்தக் கறையைத் துடைக்க ஒரு மனிதர் இருந்தார் என்பதே நமக்கு ஆறுதல்.

சரி, இந்தக் கதையை விருதுநகர்ச் சீமையிலே ஏன் சொல்ல வேண்டும்?

பொறி எங்கே பிறந்தது என்ற கேள்வி இங்கே அன்றாடக் கேள்வி. பட்டாசு ஆலையிலே வெடி விபத்து நேர்ந்தால் என்ன சொல்லுகிறார்கள்? உராய்வு, வெப்பம், கடைசியிலே தொழிலாளியின் கவனக்குறைவு! கருகிப் போனவன் எழுந்து வந்து மறுக்கவா போகிறான்? அறையிலே எத்தனை பேரை அடைத்தார்கள், எவ்வளவு மருந்தைக் குவித்தார்கள், உரிமத்தை எவர் எவருக்கு உள்குத்தகை விட்டார்கள் என்று மூலத்தைத் தேடிப் போனால் பெரிய இடத்திலே போய் முட்டும். ஆகவே, பேச முடியாதவன் தலையிலே பழியைப் போட்டுக் கோப்பை மூடுகிறார்கள். முகர்ஜிக்கு நடந்ததும் அதுதான்.

கட்டை அடுக்கும் அந்தப் பெண்ணுக்கு நடப்பதும் அதுதான்! பிள்ளை இல்லாத குடும்பங்களிலே ஏறத்தாழப் பாதியிலே, தனியாகவோ மனைவியோடு சேர்ந்தோ, ஆணிடமும் காரணம் இருக்கிறது என்று மருத்துவம் சொல்லுகிறது. ஆணுக்கு ஒரு சாதாரண விந்துச் சோதனை போதும்; ஆனால் அவனை அழைத்துப் போவார் இல்லை. பெண்ணிடத்திலே காரணம் இருந்தாலும் அது கருப்பையிலேதான் என்று எவர் சொன்னது? வயிறு காய்ந்து, உடம்பு இளைத்து, மனம் நொந்து கிடந்தால், மூளையின் அந்தத் தாளம் தளர்ந்துவிடும், மாதவிலக்கே நின்றுவிடும். பஞ்சக் காலங்களிலே பிறப்புக் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். பசித்த உடம்பைப் பார்த்து மூளை, "இப்போது இன்னொரு உயிரைத் தாங்க முடியாது" என்று கட்டளையைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அது மூளையின் எச்சரிக்கை. அவளுடைய பாவம் அல்ல! வேளைக்குச் சோறு, கட்டுப்படியாகும் கூலி, இடையிலே ஓய்வு என்பவற்றைக் கொடுக்காத சமூகம், அவள் முகத்திலே மலடி என்ற சொல்லை எறிவது எந்த ஊர் நியாயம்?

2022-இலே விருதுநகரிலே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2024-இலே சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையிலே செயற்கைக் கருத்தரிப்பு மையம் தொடங்கப்பட்டது. நல்லது, வரவேற்போம். ஆனால் எழும்பூருக்கும் வெம்பக்கோட்டைக்கும் இடையே உள்ள தொலைவு, அன்றாடக் கூலிக்காரிக்கு நிலவுக்குள்ள தொலைவு. கணவன், மனைவி இருவருக்கும் அடிப்படைச் சோதனை, மறைவான ஆலோசனை, மருந்து ஆகியவை தாலுகா மருத்துவமனை வரை வந்து சேரட்டும் என்று கேட்போம். லட்சங்கள் கொடுப்பவருக்கு மட்டுமே பிள்ளை என்பது விஞ்ஞானத்தின் தீர்ப்பு அல்ல, சந்தையின் தீர்ப்பு!

அரசிடம் கேட்பது ஒரு பாதி. நாம் செய்ய வேண்டியது மறு பாதி. அதற்குப் பணம் வேண்டாம்; பட்டம் வேண்டாம். அடுத்த வளைகாப்புக்கு அந்தப் பெண்ணை அழைத்து முன்வரிசையிலே உட்கார வையுங்கள். "காரணம் என்னிடமும் இருக்கலாம், வா, இருவரும் சோதித்துக்கொள்வோம்" என்று அவள் கணவன் சொல்லட்டும். அதைச் சொல்ல அவன் இழக்க வேண்டியது மீசை முறுக்கின் ஒரு சிறு வீம்பு. ஆனந்தகுமார் இழந்தது நாடே சூட்டிய மகுடம்!

உண்மைக்காக அவ்வளவு பெரியதை அவர் இறக்கி வைத்தார். இவ்வளவு சிறியதை நாம் இறக்கி வைக்கக் கூடாதா?